கடைசி சைக்கிள்

“அண்ணே, ரொம்ப மூச்சு வாங்குதா?” பல் டாக்டர் திரும்பிப் பார்த்துக் கேட்டாள்.

“எனக்கு ஒண்ணுமில்ல டாக்டர். நீங்க போங்க,” என்றார் பின்னால் வந்த மஃப்ளர்காரர்.

ராத்திரி முழுக்க சைக்கிள் ஓட்டும் அந்தக் குழுவோடு அவள் வருவது அன்றுதான் முதல் தடவை. மற்றவர்களின் சிவப்பு விளக்குகள் பனியில் மறைந்து வெகுநேரமாகிவிட்டது. எட்டிப் பிடிக்க அவள் காலில் தெம்பு இருந்தது. ஆனால் இந்தக் குளிரில் ஒரு மனிதரைத் தனியாக விட்டுப் போக மனசு வரவில்லை.

வேகத்தைக் குறைத்தாள். அவரும் குறைத்தார். ஷூ லேஸ் கட்டுகிற சாக்கில் நின்றாள். அவரும் இறங்கி டார்ச் அடித்தார்.

“நீங்க முன்னாடி போங்களேண்ணே!”

“ஐயோ, அது மட்டும் முடியாது.”

என்ன மனுஷன் இவர்? முடியவில்லை என்று சொல்லக்கூட இவ்வளவு கௌரவமா? மேடு வந்ததும் அவருக்காகவே இறங்கித் தள்ளினாள். அவரும் நிம்மதியாகத் தள்ளினார்.

போய்ச் சேர்ந்தபோது நன்றாக விடிந்திருந்தது. இவர்களுக்கு வைத்திருந்த காபி ஆறிப்போயிருந்தது. குழுத் தலைவி மஃப்ளர்காரரைத் தனியாகப் பிடித்துக்கொண்டாள்.

“எப்பவும் முதல் ஆளா வந்து நிப்பீங்க. இன்னிக்கு ஒரு நாள், யார் கடைசியோ அவங்களுக்குத் துணையா பின்னாடியே வாங்கன்னு சொன்னேன். அதுக்கு இவ்வளவு நேரமா?”

“மெதுவாப் பேசுங்க, டாக்டர் காதுல விழுந்துடப் போகுது,” என்றார் மஃப்ளர்காரர். “பாவம், அவங்களுக்குச் சுத்தமா முடியல. ஆனா கௌரவத்தைப் பாருங்க, கடைசி வரைக்கும் வாயைத் திறந்து சொல்லவே இல்ல!”