பூச்சுக்குக் கீழே

“பெயிண்டர் மாமா, நீங்க மட்டும் ஏன் மூக்கைக் கட்டியிருக்கீங்க?”

இரண்டு வருஷத்துக்கு முன்பு, இதே அறையின் வாசலில் நின்று அந்த நாலு வயதுப் பெண் கேட்டாள்.

“நான் திருடன் பாப்பா. மூஞ்சி தெரியக் கூடாதுல்ல?” என்றார் பெயிண்டர். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

இன்று அதே சுவர். அவர் அடித்த வெள்ளையைப் பொத்துக்கொண்டு கறுப்பாகப் பூசணம் பூத்திருந்தது. கட்டிலை நகர்த்தினார். தலையணை இருந்த உயரத்தில்தான் அது அடர்த்தியாக இருந்தது.

காலையில் சாவி கொடுக்கும்போது குழந்தையின் அம்மா சொன்னாள்: “பாப்பாவை மூணு தடவை ஆஸ்பத்திரியில சேர்த்தாச்சுண்ணே. இந்தச் சுவர்தான்னு டாக்டர் சொல்லிட்டார். நீங்க முடிக்கிற வரைக்கும் எங்க அக்கா வீட்ல இருக்கோம். வீட்டு ஓனர் ஒரு கோட்டு பெயிண்ட் அடிச்சா போதும்ங்கிறார். என் மாமியார், நான் வீட்டைச் சுத்தமா வெச்சுக்கலைங்கிறாங்க.”

மூச்சு இழுக்கும்போது பிள்ளையின் விலாவில் எப்படிக் குழி விழுகிறது என்று தன் விலாவிலேயே விரலை வைத்துக் காட்டினாள்.

அவர் சாவியை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

பெயிண்ட் கலந்து தயாராக இருந்தது. மதியத்துக்குள் முடித்துவிடலாம். பிரஷ்ஷை நனைத்துச் சுவர் வரை கொண்டுபோனார்.

கை அங்கேயே நின்றுவிட்டது.

பிரஷ்ஷை வைத்துவிட்டு உளியையும் சுத்தியலையும் எடுத்தார். ஒரு நிமிஷம் சாமியை நினைத்துக்கொண்டு சுவரில் ஓங்கி அடித்தார்.

பூச்சு பொலபொலவென்று உதிர்ந்தது. செங்கல் நனைந்து கிடந்தது. அதற்கும் உள்ளே, குளியலறைக்குப் போகும் குழாயின் மூட்டில் ஒரு சொட்டு திரண்டு, விழுந்து, மறுபடி திரண்டது.

துருப்பிடித்த மூட்டை மாற்றினார். ஆனால் ஈரம் அவர் சொன்னால் கேட்குமா? தினமும் காலையில் வேறு வேலைக்குப் போகிற வழியில் வந்து ஜன்னல்களைத் திறந்து வைத்தார். மாலையில் வந்து செங்கல்லில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். இன்னும் காயவில்லை. ஜன்னல்களைச் சாத்திவிட்டுப் போனார்.

மூன்று வாரம் கழித்துத்தான் கை உலர்ந்து திரும்பியது. அப்புறம் பூசினார். பூச்சு காய்ந்தபின் வெள்ளை அடித்தார்.

எல்லாம் முடிந்ததும் பார்த்தால், போன தடவை அடித்த சுவருக்கும் இதற்கும் கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் இல்லை.

அவர் தரையில் படுத்தார். சுவரோடு ஒட்டித் தலையை வைத்து, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார்.

பாப்பா கேட்ட அன்றைக்கு இந்த அறையில் தூசி இல்லை. பெயிண்ட் டப்பாவையும் அவர் திறந்திருக்கவில்லை. உள்ளே கால் வைத்ததுமே பூசண வாடை நெஞ்சை அடைத்தது. முப்பது வருஷ அனுபவம். அது என்ன செய்யும் என்று தெரிந்துதான் மூக்கில் துண்டை இறுக்கிக் கட்டினார். வெள்ளை அடித்து முடித்து, பிள்ளையின் கட்டிலை அவரே தூக்கிச் சுவரோரம் போட்டுவிட்டுப் போனார்.

இன்னொரு முறை இழுத்துப் பார்த்தார். எந்த வாடையும் இல்லை.

எழுந்து போன் செய்தார்.

“ஒரு நாள் வேலைக்கு ஒரு மாசமாண்ணே? நல்லா இழுத்தீங்க போங்க!” என்றாள் அம்மா.

“வயசாயிடுச்சும்மா,” என்றார் பெயிண்டர். “பாப்பாவைக் கூட்டிட்டு வாங்க.”