ஊதா விளக்கு

கதவைத் திறந்தால் இரண்டு போலீஸ்காரர்கள். ஆர்மாஸுக்கு உள்ளூர ஒரே சந்தோஷம். முகத்தை மட்டும் கடுகடுவென்று வைத்துக்கொண்டார்.

"மறுபடியும் மொட்டை ஃபோனா?"

"என்ன செய்யறது பெரியவரே, எங்க பொழப்பு இது," என்றார் ரைமோ. கூட வந்த இங்கா வாசலிலேயே பூட்ஸைக் கழற்றினாள்.

பின்லாந்தின் ஊலு நகரத்து டிசம்பர். சூரியன் மதியம் தலையைக் காட்டிவிட்டு, உட்காரக்கூட நேரமில்லாமல் திரும்பிவிடும். அந்த இருட்டில் ஆர்மாஸின் ஜன்னல் மட்டும், வீட்டுக்குள் செடி வளர்க்கும் விளக்கால் ஊதா நிறத்தில் ஜொலிக்கும். பார்க்கிறவர்களுக்கு அது திருட்டுக் கஞ்சாத் தோட்டம். உள்ளே இருப்பதென்னவோ மிளகாய்ச் செடிகள்.

"காரம் எப்படி?" என்றாள் இங்கா, காபியை வாங்கிக்கொண்டே.

"ஒண்ணைக் கடிச்சிட்டு ஒருத்தன் ஏரியில குதிச்சான். ஒரு வாரத்துக்கு அங்கே ஐஸே கட்டலை."

"போன தடவை மூணு நாள்னீங்க."

"அப்ப மிளகாய் பிஞ்சு."

இங்கா சிரித்துக்கொண்டே டார்ச்சை அடித்து ஓர் இலையைத் திருப்பினாள். சிரிப்பு நின்றது. இலை மஞ்சளாயிருந்தது. அடியில் மொய்மொய்யென்று அசுவினிப் பூச்சிகள்.

"இந்த ஊதா வெளிச்சத்துல எல்லா இலையும் கறுப்பாத்தான் தெரியும். பூச்சி அரிச்சாலும் தெரியாது. வெள்ளை எல்.இ.டி. போடுங்களேன்."

"செடிக்கு சிவப்பும் நீலமும் போதும். மத்த நிறமெல்லாம் மனுஷன் கண்ணுக்கு."

"வெள்ளையிலயும் அந்த ரெண்டும் இருக்கு பெரியவரே," என்று ரைமோ கோட்டுப் பையிலிருந்து ஒரு புது விளக்கை எடுத்தார். "வரும்போதே வாங்கிட்டு வந்தேன். மாட்டட்டுமா?"

ஆர்மாஸுக்குத் திக்கென்றது. பூச்சி அரிப்பது அவருக்கு எப்போதோ தெரியும். வெள்ளை விளக்குகூட அலமாரியில் இருக்கிறது. ஆனால் காரணமில்லாமல் அடுத்தவர் வீட்டு மணியை அடிப்பது அந்த ஊரில் வழக்கமில்லை. மனைவி கெர்த்து இறந்தபிறகு முதல்முதலாக மணி அடித்தது, இந்த ஊதாவை மாட்டியபிறகுதான். போலீஸ் வந்தது. காபி குடித்தது. பேசியது.

வெள்ளையை மாட்டினால் இதுவும் பத்தோடு பதினொன்றாய் ஒரு ஜன்னல். யார் புகார் கொடுப்பார்கள்? புகார் இல்லையென்றால் யார் வருவார்கள்?

"வேண்டாம்."

"செடியெல்லாம் செத்துடும்."

"சாகட்டும்."

ஆர்மாஸ் மஞ்சள் இலையை வருடிக்கொண்டே நின்றார்.

"பெரியவரே," என்றார் ரைமோ மெதுவாக, "முதல் தடவை வந்தப்பவே வீடு வீடாப் போயி, இது மிளகாய்தான்னு சொல்லிட்டோம். அதுக்கப்புறம் ஒரு புகாரும் வரலை."

"அப்ப போன மாசம் வந்தீங்களே? இன்னிக்கு?"

ரைமோ நாற்காலிமேல் ஏறி ஊதா விளக்கைக் கழற்ற ஆரம்பித்தார்.

இங்காதான் தயங்கித் தயங்கிச் சொன்னாள்:

"எங்க டியூட்டி முடிஞ்சு ரொம்ப நேரமாச்சு. சும்மா பார்க்க வந்தோம்னா கதவைத் திறக்கமாட்டீங்களோன்னுதான், யூனிஃபார்மை மாத்தாம வந்தோம்."