ரிவ்யூ பெட்டியில் ஓர் ஓட்டை

"இந்த ஆவணியில ஒரு கல்யாணமாவது புடிங்க மாப்ள. இல்லன்னா மண்டபத்துல மல்லாட்டை மூட்டையை அடுக்கிடுவேன்" என்று வேர்க்கடலை வியாபாரியான மாமனார் விருத்தாசலம் சொல்லிவிட்டார்.

திண்டிவனத்தில் அவருடைய மண்டபத்தை நடத்தும் அறிவுச்செல்வனுக்குக் கல்யாணம் பிடிக்கத் தெரியாது. படித்தது கம்ப்யூட்டர்.

விழுப்புரத்தில் பாண்டுரங்கனின் மண்டபத்தில் முகூர்த்தம் தவறாமல் கூட்டம். அதன் வெப்சைட்டில் வாடிக்கையாளர்கள் ரிவ்யூ எழுத ஒரு பெட்டி. அதை இயக்கும் ப்ளகின் என்ற சின்ன மென்பொருள் அரதப் பழசு. எழுதியது வெறும் எழுத்தா, கட்டளையா என்று பார்க்காமல் அப்படியே சேமித்து வைக்கும்.

'பந்தி பிரமாதம்' என்று எழுதி, அதன் அடியில் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு கட்டளையை ஒட்டினான் அறிவு. பாண்டுரங்கன் ரிவ்யூவைப் படிக்கத் திறந்ததும், கட்டளை அவர் அதிகாரத்திலேயே ஓடியது. சைட்டின் சாவி அறிவின் கையில்.

அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

அங்கிருந்த போன் நம்பரை அழித்துத் தன் நம்பரைப் போட்டான். ஆனால் பக்கம் திறக்கவே ஒரு யுகம் ஆனது. எந்தப் பெண் வீட்டார் காத்திருப்பார்கள்? வேகத்தைக் கூட்டினான். படங்களைச் சீர்செய்தான். இன்னொரு திருடன் அதே வழியில் நுழைந்துவிடாதபடி ப்ளகினைப் புதுப்பித்து ஓட்டையையும் அடைத்தான்.

"ஏங்க, ஊரான் சைட்டுக்கு இவ்ளோ பாடுபட்டுக்கினு இருக்கீங்க. நம்முளுது போன தீபாவளி ஆஃபரைப் போட்டுக்கினு தூங்குது" என்றாள் மனைவி கவிதா.

"பொறு. நாளைக்கு விழுப்புரமே எனக்குத்தான் போன் பண்ணும்."

மறுநாள் காலையிலேயே போன் அடித்தது. மாமனாரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டான்.

"வணக்கம், கல்யாண மண்டபங்க."

"வணக்கம் தம்பி. விழுப்புரம் பாண்டுரங்கன் பேசறேன். நம்பரை மட்டும் பழையபடி மாத்திக்கினேன், தப்பா நெனைக்காதீங்க. சைட்டு இப்ப ஜல்தியா தொறக்குது. ராத்திரியே திண்டிவனம் பார்ட்டி ஒண்ணு ஆன்லைன்ல ஆவணிக்கு புக் பண்ணிட்டாங்க."

அறிவு குரலைத் தாழ்த்தினான். "போலீசுக்கு எதுவும்..."

"அய்ய, போலீசு எதுக்கு? போன வருஷம் நுழைஞ்சவரு புக்கிங் காலண்டர் போட்டுக் குடுத்தாரு. நீங்க ஸ்பீடு ஏத்திட்டீங்க. சைட்டைப் பாக்கறதுக்குன்னு நான் ஆளே வெச்சதில்ல தம்பி."

விருத்தாசலம் மாப்பிள்ளையை ஏற இறங்கப் பார்த்தார். ஸ்பீக்கரில் பாண்டுரங்கன் தொடர்ந்தார்.

"அடுத்த ஆளு வர்றதுக்கு வழி வேணுமில்ல? அதான், அந்தப் பழைய ப்ளகினையே மறுபடியும் போட்டு வெச்சிருக்கேன்."