அசையாத சுழல்காற்று

அலவத்துகொடையில் பின்னேர வெளிச்சம் பித்தளை நிறத்தில் முற்றத்தில் கிடக்கிறது. வயலுக்கு அப்பால் சுழல்காற்று கறுத்த தூணாக நிற்க, ஃபாஸில் வேலியோரத்தில் நின்று அதைப் போனில் படம் பிடிக்கிறான். மகள் ஸனாவைக் கொங்கிரீட் கூரை போட்ட குளியலறையில் இருத்திவிட்டு வந்து, அவன் மனைவி றம்ஸியா வாசலில் நிற்கிறாள். “உள்ளுக்கு வாங்க!” “பயந்தாங்கொள்ளி! அது ஒரே எடத்துல தானே நிக்கிது.” அவள் அந்தத் தூணையே பார்க்கிறாள். இடப்பக்கமும் போகவில்லை, வலப்பக்கமும் போகவில்லை. அகலம் மட்டும் கூடிக்கொண்டு வருகிறது. “நிக்கல்ல, ஸனாட வாப்பா! நேரா நம்மட பக்கம் வருது. வேற பக்கம் போனா, போறது தெரியுமே!” பக்கத்து வீட்டுத் தகரம் கிழிந்து பறக்கிறது. ஃபாஸில் ஓடி வருகிறான். குளியலறைக் கதவைச் சாத்தி மூவரும் சுவரோரம் குந்துகிறார்கள். றம்ஸியா வெறும் வாளியை மகளின் தலையில் கவிழ்க்கிறாள். தன் இரண்டு கைகளையும் அவன் தலைமேல் வைத்து அமுக்குகிறாள். வீட்டின் ஓடுகள் போகும் சத்தம் கேட்கிறது.