யெசெனியாவுக்கு ஊர் தந்த வரவேற்பு

மேயர் குவால்தியேரோ தம் பதவிக்குரிய மூவர்ணப் பட்டையை வயிற்றுக்கு மேலே ஏற்றுவதா, கீழே இறக்குவதா என்று முடிவு செய்வதற்குள் கார் சதுக்கத்துக்குள் வந்து நின்றுவிட்டது.

நிற்காமல் போயிருக்க முடியாது. வீட்டுக்குப் போகிற ஒரே தெருவின் குறுக்கே பேண்டு வாத்தியக் குழு நின்றது.

"எனக்கு மேயர் வேணாம், கட்டில் வேணும்," என்றான் எத்தோரே.

"அஞ்சே நிமிஷம்டா," என்றான் காரை ஓட்டிவந்த அவன் அண்ணன். "காலையிலேருந்து பட்டையோட நிக்கிறார். பாவமா இருக்கு."

எத்தோரேயின் மனைவி ஒர்னெல்லா பின்சீட்டில் இருந்தாள். அவள் பக்கத்தில் யெசெனியா கண்ணாடியில் மூக்கை அழுத்திக் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறு வயது. எட்டு மாதமாக அவர்கள் மகள். சட்டப்படி, பத்து நாளாக.

கொலம்பியாவில் ஆறு வாரம் தங்கினால் போதும் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். நீதிபதி மாற்றலாகிப் போனார். புதிதாக வந்தவர் தத்துக் கோப்பை முதல் பக்கத்திலிருந்து படித்தார். மெதுவாகப் படிக்கிறவர். வாடகைக்கு எடுத்த இரண்டு அறையில் மூன்று பேரும் மழையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

உத்தரவு வரும்வரை அம்மா, அப்பா என்று சொல்லிக்கொள்ளக் கூடாது என்பது தத்து ஏற்பாடு செய்த அமைப்பின் கண்டிப்பு. கடைசி நேரத்தில் ஏதாவது தவறிப்போனால் குழந்தை உடைந்துபோகும். நியாயம்தான்.

யெசெனியா இருந்த காப்பகத்தில் குளிப்பாட்டுகிறவள், சோறு ஊட்டுகிறவள், தலை வாருகிறவள் எல்லோருமே அத்தைதான். ஒர்னெல்லாவும் அத்தை ஆனாள். எத்தோரே மாமா.

உத்தரவு வந்த பிறகு? "அப்போதும் திணிக்காதீர்கள். அந்தச் சொல் தானாகக் கனிந்து மடியில் விழும்," என்று தத்தெடுப்பவர்களுக்கான வகுப்பில் சொல்லிக்கொடுத்த நிபுணர் விரல்களைக் குவித்துக் காட்டியிருந்தார். அவருடைய சுவரில் மூன்று பட்டங்கள் தொங்கின.

ஒர்னெல்லா மடியை விரித்துக்கொண்டு காத்திருந்தாள்.

காத்திருந்த நாட்களில் வீட்டுப் படங்களைக் காட்டினாள். இது உன் அறை, இது உன் ஜன்னல். யெசெனியா தினமும் கேட்டாள், அங்கே எப்போது போவோம் என்று. அந்த ஆசையை ஒர்னெல்லா தனக்கு வந்த பாசமாகவே எடுத்துக்கொண்டாள்.

கடைசியில் உத்தரவு வந்தது. தூதரகம், ஊர் அலுவலகம், பாதிரியார், எத்தோரேயின் அண்ணன், ரொட்டிக்கடை இவானா என்று சொல்ல வேண்டிய எல்லோருக்கும் சொல்லியாகிவிட்டது. பெண் பிறந்த வீட்டு வாசலில் கட்டுகிற இளஞ்சிவப்பு ரிப்பனை, ஆறு வயதுப் பெண்ணுக்காக, இவானாவே போய்க் கட்டிவிட்டு வந்திருந்தாள்.

இறங்கினார்கள். மேயர் மைக்கைப் பிடித்தார்.

"இன்று நமது ஊர் ஒரு மகளை ஈன்றெடுத்திருக்கிறது!"

"இடுப்பு வலி மட்டும் வேற யாருக்கோ," என்றாள் இவானா, மைக்குக்கு எட்டாத குரலில். பிறகு ஒர்னெல்லாவின் கன்னத்தைக் கிள்ளினாள். "என்னடி இப்படி இளைச்சுப் போயிட்டே? ரொட்டின்னு சொல்லி எதைடி போட்டானுங்க அங்க?"

மேயர், குழந்தைகள் இல்லாமல் மூடப்போகிற பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசினார். அதைத் தாம் மூடவிடாமல் தடுத்துவருவதைப் பற்றிப் பேசினார். வசந்தத்தில் தேர்தல். நடுவே குழந்தையை இரண்டு தடவை செசீலியா என்றார். பேண்டில் பெரிய குழலைச் சுமந்துகொண்டிருந்தவர் அதைக் கீழே வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

ஒருவழியாகப் பேச்சு முடிந்தது. குழந்தையை முத்தமிட்டு வரவேற்க, தேவாலயப் படியோரமாக ஊர்ப் பெண்கள் வரிசையாக நின்றார்கள்.

அப்போதுதான் யெசெனியா ஒர்னெல்லாவின் கையை விட்டாள்.

தானாகவே விட்டாள். தெரியாத முகம் எதைக் கண்டாலும் ஒர்னெல்லாவின் கோட்டுக்குள் புகுந்துகொள்கிற பெண். இப்போது கவுனை இழுத்துவிட்டுக்கொண்டு, முன்நெற்றி முடியை ஒதுக்கிக்கொண்டு, முதல் பெண்ணின் முன்னால் போய் நின்றாள்.

அவள் முகத்தை அண்ணாந்து நன்றாகப் பார்த்தாள். இரண்டு கன்னத்திலும் முத்தம் வாங்கிக்கொண்டாள். கொஞ்சம் நின்றாள். அடுத்தவளிடம் போனாள்.

மருந்துக்கடைக்காரர் மனைவி. பாதிரியார் வீட்டுச் சமையல்காரி. தபால் கொண்டுவருகிறவள். ஒவ்வொரு முகமாக, அவசரமே இல்லாமல்.

"பாருடி, ராணி மாதிரி பார்வையிடுறா!" என்று இவானா சிரித்தாள்.

எட்டு மாதத்தில் முதல் தடவையாக, ஒர்னெல்லாவுக்கு எல்லாம் சரியாகிவிடும் என்று தோன்றியது. பெண்ணுக்கு ஊர் பிடித்துவிட்டது. இனி அந்தச் சொல்லும் வந்துவிடும்.

வரிசை முடிந்தது. யெசெனியா கடைசிப் பெண்ணுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். திறந்திருந்த தேவாலயக் கதவுக்குள் பார்த்தாள். பிறகு மெதுவாகத் திரும்பி நடந்துவந்து ஒர்னெல்லாவின் கோட்டைப் பிடித்து இழுத்தாள்.

ஒர்னெல்லா குனிந்தாள்.

தாயின் காதில் மகள் ரகசியம் சொல்வதைக் கண்டு சதுக்கமே கைதட்டியது. மேயர் கண்ணைத் துடைத்துக்கொண்டார், போட்டோக்காரர் நின்ற பக்கமாகத் திரும்பி.

"அத்தை," என்றாள் யெசெனியா, "எங்கம்மா வரலையா?"