கொரின் வேல் என்ன முணுமுணுத்தாள்?

"செத்துக் கிடக்கிறவன் மேல விழுந்து அழுதியே, அப்போ என்ன சொன்னே? அதை மட்டும் சொல்லிடு கொரின், உனக்குப் புண்ணியமாப் போகும்."

ஹோமர் டில் கெஞ்சாத குறைதான். ஹாலிவுட்டில் அந்த ஸ்டுடியோவின் விளம்பர வேலை மொத்தமும் அவன் பொறுப்பு. கொரின் வேல் கண்ணாடி முன் உட்கார்ந்து நிதானமாகப் புருவம் தீட்டிக்கொண்டிருந்தாள். அந்த 1926-ல் அமெரிக்காவில் பாதிப் பெண்கள் அதே புருவத்தோடுதான் திரிந்தார்கள்.

"படத்துலதான் சத்தமே வராதே ஹோமர். எதையோ முணுமுணுத்திருப்பேன். அதுக்கு ஏன் இந்தப் பாடு படுறே?"

சத்தம் வராதுதான். அது பேசாப்படக் காலம். நடிகர்கள் வாய்க்கு வந்ததைப் பேசிவிட்டுப் போவார்கள். திரையில் உதடு அசையும், 'என் உயிரே, போகாதே' என்று எழுத்து வரும், ஊரே கைக்குட்டையை எடுத்துக்கொள்ளும். அப்படித்தான் அந்தப் படமும் மூன்று வாரமாகச் சக்கைப்போடு போட்டுக்கொண்டிருந்தது.

வினை ஒரு கடிதத்தில் வந்தது. கேன்சஸிலிருந்து திருமதி ஸ்லோகம் என்று ஒருத்தி எழுதியிருந்தாள். 'எனக்குக் காது கேட்காது. உதட்டைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்வேன். கடைசிக் கட்டத்தில் மிஸ் வேல் என்ன சொல்கிறார் என்று எனக்குத் தெரியும். வியாழக்கிழமை நேரில் வந்து அதற்குப் பதில் சொல்லப்போகிறேன்.'

அந்தப் 'பதில்' என்ற வார்த்தைதான் முதலாளி கிரெப்ஸைப் பயமுறுத்தியது. முன்பு வேறொரு ஸ்டுடியோவில் ஒரு நடிகன் சண்டைக் காட்சியில் பச்சையாகத் திட்டியதைக் காது கேளாதவர்கள் கண்டுபிடித்து, மாதர் சங்கங்கள் கொடி பிடித்து, படமே பெட்டிக்குள் போயிருந்தது.

பிணமாக நடித்த ராட்னியை அவர் கூப்பிட்டு விசாரித்தார். அவன் தலையைச் சொறிந்தான். அன்றைக்கு மத்தியானம் வெங்காயம் நிறையச் சாப்பிட்டிருந்தானாம். அந்த வாடையைத்தான் திட்டியிருப்பாள், தனக்குத் தூக்கக் கலக்கம், காதில் விழவில்லை என்றான்.

அவ்வளவுதான், கிரெப்ஸ் தீர்மானித்துவிட்டார். ஒரு கெட்ட வார்த்தை வெளியே வந்தாலும் போதும், ஒப்பந்தத்திலுள்ள ஒழுக்க விதியைக் காட்டிக் கொரினை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவது. கடிதத்தைப் பற்றி அவளிடம் மூச்சு விடக்கூடாது என்று ஹோமருக்குக் கண்டிப்பான உத்தரவு.

ஹோமருக்கு மனசு கேட்கவில்லை. வியன்னாவில் பிரபு வீட்டில் பிறந்தவள், ஐந்து வயதில் தாய் தகப்பனைப் பறிகொடுத்தவள் என்றெல்லாம் பத்திரிகைகளுக்கு அளந்துவிட்டு அவளைப் பெரிய நட்சத்திரமாக்கியவனே அவன்தான். அந்தக் கதையை மறுத்து ஒரு வார்த்தை பேசமாட்டேன் என்று அவளும் கையெழுத்துப் போட்டிருந்தாள். உண்மையில் எந்த ஊர்க்காரி என்று அவன் கேட்டதுமில்லை, அவள் சொன்னதுமில்லை.

"சொல்லாட்டி உன் வேலையே போயிடும் கொரின்."

அவள் மையை மூடி வைத்தாள். "போனாப் போகட்டும். அந்தக் கட்டத்தை மட்டும் வெட்ட வேண்டாம்னு முதலாளிகிட்ட சொல்லு. அது ஊர் ஊரா ஓடணும்."

என்ன அழுத்தம் பார் இவளுக்கு என்று அலுத்துக்கொண்டே ஹோமர் போனான்.

வியாழக்கிழமை பத்து மணிக்குத் திருமதி ஸ்லோகம் வந்தாள். குட்டையான உருவம், சர்ச்சுக்குப் போட்டுக்கொண்டு போகிற தொப்பி, மடியில் கைப்பை. கிரெப்ஸ் நாற்காலி போட்டார், காபி வரவழைத்தார், அவள் முகத்துக்கு நேரே வாயை அகலத் திறந்து, நடந்தது தப்புத்தான், அந்தக் கட்டத்தை இன்றைக்கே வெட்டி எறிந்துவிடுகிறோம் என்று சொன்னார்.

"வெட்டினா எனக்குக் கெட்ட கோபம் வரும்." காது கேட்காதவளுக்குத் தன் குரலின் கனம் தெரியவில்லை. அடுத்த கட்டிடத்தில்கூடக் கேட்டிருக்கும்.

கிரெப்ஸ் விழித்தார். அப்படி என்னதான் சொன்னாள் என்று கேட்டார். ஹோமர் கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

அவள் கைப்பையை மேஜைமேல் வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பிசகாமல் ஒப்பித்தாள்.

"'அம்மா, நான் போடுற கடுதாசியை எல்லாம் அப்பா பிரிக்காமலே அடுப்புல போட்டுடுவாருன்னு எனக்குத் தெரியும். இதை அவரால போட முடியாது. நான் நல்லா இருக்கேன். வேளைக்குச் சாப்பிடுறேன். பேப்பர்ல வர்ற எதையும் நம்பாதே. நான் சொல்லாம ஓடி வந்ததுக்கு அப்பாவுக்கு இன்னும் கோபமா?'"

கிரெப்ஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு ஹோமர் பக்கம் திரும்பி, "அநாதைன்னு எழுதினியேய்யா" என்றார்.

"தொலைஞ்ச அம்மா கிடைச்சிட்டாங்கன்னு நாளைக்கே எழுதிடறேன் முதலாளி. படம் இன்னும் ஆறு மாசம் ஓடும்."

அம்மாவின் குரலைக் கேட்டுத்தான் ஓடி வந்திருக்க வேண்டும், வாசலில் கொரின் நின்றாள். ஒரு புருவம்தான் தீட்டியிருந்தது. வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை, உதடு மட்டும் அசைந்தது. அறையில் அது புரிந்தது ஒருத்திக்குத்தான்.

"அப்பாவா?" என்றாள் திருமதி ஸ்லோகம், மகளின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. "உன் படம் வந்த அன்னைக்கே அவரை இழுத்துட்டுப் போய், நீ சொன்னதைச் சொன்னேன். அன்னையிலேருந்து தினம் போறாரு. நீ கேக்குற இடம் வந்ததும் எழுந்து நின்னு, 'கோபமெல்லாம் இல்லடி கண்ணு, வீட்டுக்கு வா'ன்னு திரையைப் பார்த்துக் கத்துறாரு. இனிமே உள்ளயே விடமாட்டேன்னு தியேட்டர்காரன் சொல்லிட்டான், அதான் நேர்லயே சொல்லட்டும்னு கூட்டிட்டு வந்துட்டேன். கேட்டுல நிக்கிறாரு, போய்க் கேளு."