இசக்கித்தாய் சேலையில் சாம்பல்

“மறுபடியும் அந்தம்மா போன் பண்ணிட்டாங்களா?”

உதவிப் பொறியாளர் விஜயஸ்ரீக்கு எரிச்சலாக வந்தது.

அனல்மின் நிலையத்தில் சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குட்டைக்கு விட்டதெல்லாம் பழைய கதை. இப்போது எல்லாம் புதுசு. காற்றே உறிஞ்சி, மூடிய குழாய் வழியாக உயரத் தொட்டிக்குக் கொண்டுபோய்விடும். வெளியே பறக்க வழியே இல்லை.

ஆனாலும் மதில் சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருக்கும் இசக்கித்தாய் தினமும் புகார் சொல்கிறாள். காயப்போட்ட சேலையில் சாம்பல் விழுகிறதாம்.

மதியமானால் அதைப் பார்க்கப் போகிறவர் ஆபரேட்டர் சுடலைராஜ். போனால் ஒரு மணி நேரம் ஆளைக் காணோம். வேலையிலிருந்து நழுவ இவரே சொல்லிக் கொடுத்த பொய் என்று விஜயஸ்ரீ நினைத்தாள்.

அன்று அவருக்கு முன்னால் தானே போனாள். கதவு சாத்தியிருந்தது. கொடியில் கிடந்த சேலையைத் தடவிப் பார்த்தாள். நிலையத்துச் சாம்பல் மாவு போல வழவழவென்று இருக்கும்; இது நறநறவென்றது. நடுவில் ஒரு கரித்துண்டு வேறு. சாட்சாத் அடுப்புச் சாம்பல்.

திரும்பி வந்து சுடலைராஜைப் பிடித்தாள்.

“அண்ணாச்சி, அது நம்ம சாம்பலே இல்ல. உங்களுக்குத் தெரியாதா?”

“மொத நாளே தெரியும் மேடம்.”

“பொறவு ஏன் போறீங்க? மேல சொன்னா உங்க வேலைக்கே ஆபத்து.”

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

“எம்மேல என்ன வேணாலும் சொல்லிக்கிடுங்க. அவள ஒண்ணும் கேட்டுராதிய. ஒரே மகள ராதாபுரத்துல கட்டிக் குடுத்துட்டு ஒத்தையில கெடக்கா. பேச ஆளில்லாமத்தான் இப்படிச் செய்யுதா. நான் போனா ஒரு வாய் சோறு போட்டு, நாலு வார்த்த பேசுவா. நானும் போகலன்னா யாரு போவா?”

விஜயஸ்ரீக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை. சொந்த ஊரான சேரன்மகாதேவியை விட்டு வந்து குவார்ட்டர்ஸில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறவள் அவள். அந்தச் சாப்பாடு எப்படித் தொண்டையில் நிற்கும் என்று அவளுக்குத் தெரியும்.

சாயங்காலம் இசக்கித்தாய் வீட்டுக்கே போனாள்.

“இனிமே பொய்ப் புகார் வேண்டாம்மா. அண்ணாச்சிய சும்மாவே வந்து போகச் சொல்லுதேன்.”

இசக்கித்தாய் பதறிப்போனாள்.

“அவருட்ட ஒண்ணும் சொல்லிராதிய தாயி.”

“ஏன்?”

“பொஞ்சாதி செத்ததுலருந்து அவரு வீட்டுல ஒல வைக்க ஆளில்ல. ஒருநா பட்டினியில இங்கன மதிலோரமா மயங்கிக் கெடந்தாரு. சாப்பிட வாங்கன்னா வர மாட்டாரு, ரோசக்காரரு. சாம்பல் விழுதுன்னாத்தான் வருவாரு.”